ஒரு மார்க் கேள்வி, இரண்டு நாட்டு விசா

31 வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ‘கால்டுவெல் பிறந்த நாடு எது?’ என்ற கேள்விக்கு அயர்லாந்து என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு மார்க் போட்டேன். ஒரே ஒரு பையன் ஸ்காட்லாந்து என்று எழுதியிருந்தான். அவனுக்குச் சுழி போட்டதோடு, சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று வேறு எழுதினேன். ஓய்வு பெற்றபின் அந்த ஒரு மார்க்கை நேரில் சரிபார்த்துவிட்டு வந்துவிடுவது என்று கிளம்பினேன். கிளம்பினேன் என்றால், கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். அது ஆகிறது ஒன்றே முக்கால் வருஷம்.

நோட்டின் முதல் பக்கத்திலேயே அந்தப் பையன் பாதி ஜெயித்துவிட்டான். ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7 அன்று ஆண்ட்ரிம் கவுண்டியில் கிளாடி என்ற ஊரில் பிறந்தார். அப்பா, அம்மா ஸ்காட்லாந்துக்காரர்கள். பிள்ளைக்குப் பத்து வயசு ஆகும்போது குடும்பம் கிளாஸ்கோவுக்கே திரும்பிவிட்டது. நடுவில் ஓவியம் படிக்கிறேன் என்று டப்ளினில் கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்தார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகம், அங்கிருந்து கப்பல், சென்னை. அரை மார்க்காவது போட்டிருக்கலாம். அவன் இப்போது தாசில்தார் என்று கேள்வி.

அயர்லாந்துக்கு வேர் தேடிப் போகிறவர்கள் நிறைய. 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்க அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சுற்றுலாப் புத்தகங்களும் வாசிக்கிறவனுக்கு அங்கே ஒரு தாத்தா உண்டு என்ற நம்பிக்கையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. என் மனைவியிடம் அந்த நம்பிக்கை எடுபடவில்லை.

“அங்க நமக்கு யாரு இருக்கா?”

“கால்டுவெல்.”

“அவரு உங்களுக்கு என்ன முறை?”

யோசித்தேன். “மொழி வழியில பாட்டன் முறை.”

“பாட்டன் வீட்டுக்குப் போறவுக வெறுங்கையோடவா போவாக?”

அங்கே ஆரம்பித்தது முதல் சிக்கல். திருநெல்வேலிக்காரன் வெளியூர் போனால் கையில் அல்வா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரையே சந்தேகப்படுவார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியாட்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. அல்வாவில் நெய் உண்டா? அல்வாவே நெய்தானே. நெய் பால் பொருளா? இதை நான்கு நாள் விவாதித்தோம். கோதுமையில் பால் எடுத்துத்தானே கிண்டுகிறோம், அதுவும் பால்தானே என்று என் மைத்துனர் ஒரு கேள்வி போட்டு, அனுமதி கிடைக்க இருந்த கொஞ்ச வாய்ப்பையும் கெடுத்தார். கடைசியில் பருப்புப் பொடி, கருப்பட்டி என்று முடிவானது.

செலவுக்கு வீட்டு நிதியமைச்சகம் ஒதுக்கியது இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று லட்சம். “அதுக்கு மேல ஒத்த ரூவா ஆனாலும் குத்தாலத்துல குளிச்சிட்டுத் திரும்பிருவோம்” என்பது நிபந்தனை. தங்குகிற செலவு இல்லை என்பதுதான் தைரியம். என் தங்கை மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். அந்த ஊரில் வாடகை என்ன தெரியுமா? அவள் சொன்ன தொகையைக் கேட்டு, “ஏட்டி, அது விலையா வாடகையா?” என்றேன். “மாமா, நீங்க வாங்க, ஹால்ல பாய் போட்டுக்கலாம்” என்றாள். பாயை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். பத்தமடைப் பாய்க்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

விசா விஷயத்தை விவரமானவர்களிடம் கேட்பது என்று ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். ஆலோசனைக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. “அயர்லாந்தா? அங்க யூரோதானே சார்? ஷெங்கன் விசா போட்டுருவோம்” என்றார் அந்தத் தம்பி. அயர்லாந்தில் யூரோ புழங்குவது வாஸ்தவம். ஆனால் ஷெங்கனில் அது இல்லை. இதை அந்தத் தம்பிக்கு நான் விளக்கினேன். விளக்கியதற்கு அவர் எனக்கு ஆயிரத்து ஐந்நூறு தந்திருக்க வேண்டும். தரவில்லை. நோட்டில் ‘கல்வி’ என்ற தலைப்பில் எழுதி வைத்தேன்.

உண்மையான அடி அதற்குப் பிறகு விழுந்தது. 1921இல் அயர்லாந்தை இரண்டாகப் பிரித்தார்கள். தெற்கே 26 கவுண்டி தனி நாடானது. வடக்கே 6 கவுண்டி பிரிட்டனோடு நின்றுவிட்டது. ஆண்ட்ரிம் அந்த ஆறில் ஒன்று. அதாவது தங்கை மகளின் ஹால் ஒரு நாட்டில், கால்டுவெல்லின் தொட்டில் இன்னொரு நாட்டில். நான் 31 வருஷம் ஒரு மார்க் போட்ட பதிலை இன்றைக்கு வரைபடத்தில் தேடினால் பிரிட்டனில் இருக்கிறது! கால்டுவெல் பிறந்த காலத்தில் தீவு முழுவதும் ஒரே ஆட்சியில் இருந்தது என்று சொல்லி என்னை நானே மன்னித்துக்கொண்டேன். விசா அலுவலகம் அப்படி மன்னிக்காது.

இந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே சாலையில் ஒரு கேட் கிடையாது, நிரந்தரச் சோதனைச் சாவடி கிடையாது. டப்ளினில் பஸ் ஏறிக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பெல்ஃபாஸ்ட். எல்லை தாண்டியதற்கு அடையாளம், வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறியிருக்கும். டீக்கடையில் யூரோ பவுண்டாக மாறியிருக்கும். எப்போதும் நிறுத்திக் கேட்க ஆளில்லை என்பதற்காக விசா இல்லாமல் போகலாமா? கூடாது. ஆள் பார்க்காத பரீட்சையில் காப்பி அடிக்கக் கூடாது என்று மூன்று தலைமுறைக்குச் சொன்னவன் நான்.

நல்ல வேளையாக இந்தியர்களுக்கென்று 2015இல் ஒரு வழி திறந்திருக்கிறார்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் பேசிவைத்துக்கொண்டு, ஒரு நாட்டின் விசாவிலேயே இன்னொன்றுக்கும் போய்வர அனுமதிக்கிறார்கள். விசாவில் அதற்கான முத்திரை எழுத்து இருக்க வேண்டும். விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். அயர்லாந்து விசா ஆளுக்கு 60 யூரோ. தலைப்பில் இரண்டு நாட்டு விசா என்று போட்டிருக்கிறேனே, பணம் ஒன்றுக்குத்தான். இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லாபம் வந்த வீட்டில் தூக்கம் எப்படி வரும்?

விண்ணப்பத்தோடு, எதற்காக வருகிறேன் என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். எழுதினேன். ‘1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட பெருமகனாரின்’ என்று தொடங்கி ஆறு பக்கம். தங்கை மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘உறவினர் வீடு, சுற்றுலா, இரண்டு வாரம்’ என்று நாலு வரியில் முடித்தாள். அசலை வைத்திருக்கிறேன்.

எந்த மாதம் போவது? இதில்தான் என் கணக்கு மூளை வேலை செய்தது. எங்களுக்குச் சொன்ன டிக்கெட் விலை டிசம்பரில் ஆளுக்கு 75,000, ஜூனில் 1,10,000. டிசம்பர்தானே மலிவு என்பீர்கள். டிசம்பர் கடைசியில் டப்ளினில் பொழுது விடிய எட்டரை ஆகும். நாலு மணிக்கு இருட்டிவிடும். பகல் ஏழரை மணி நேரம். ஜூனில் பகல் 17 மணி நேரம். பதினாலு நாளுக்குப் பெருக்கினால் டிசம்பரில் 105 மணி வெளிச்சம், ஜூனில் 238. வகுத்துப் பாருங்கள். டிசம்பரில் ஒரு மணி நேர வெளிச்சம் 714 ரூபாய், ஜூனில் 462 ரூபாய்தான். ஜூன்தான் மலிவு! இதை ஒரு தாளில் எழுதி வீட்டு அமைச்சகத்தில் சமர்ப்பித்தேன்.

“அப்ப வெளிச்சத்துக்கு மட்டும் கூட எழுவதாயிரமா? நம்ம ஊர்ல வெயிலு சும்மாதான அடிக்கி?”

கடைசியில் சமரசம், மே மாதம். கால்டுவெல் பிறந்த நாள் மே 7, அன்றைக்குக் கிளாடியில் நிற்பது என்று தேதியும் குறித்தாயிற்று.

ஆனால் எந்தக் கிளாடி? டைரோன் கவுண்டியில் ஒரு கிளாடி இருக்கிறது. லண்டன்டெர்ரி கவுண்டியில் ஒன்று இருக்கிறது. புதூர் என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. நமக்கு வேண்டியது ஆண்ட்ரிம் கிளாடி. எந்த வீடு, எந்தத் தெரு என்று பழைய பதிவேடுகளில் பார்க்கலாம் என்றால், அங்கேயும் விதி முந்திக்கொண்டது. 1821இல் அயர்லாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். கால்டுவெல்லுக்கு அப்போது ஏழு வயசு, கணக்கில் வந்திருப்பார். அந்த ஏடுகளைப் பத்திரமாக டப்ளினில் ஒரே கட்டடத்தில் வைத்தார்கள். 1922இல் உள்நாட்டுப் போர் வந்தபோது, ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அந்த ஆவணக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. 1821 கணக்கில் பெரும்பகுதி சாம்பல். 1901, 1911 கணக்கெடுப்புகள் தப்பின. அவற்றை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். இலவசம் என்பதால் ஒரு வாரம் பார்த்தேன். கால்டுவெல் அதற்குள் இடையன்குடியில் அடக்கமாகிப் பத்து, இருபது வருஷம் ஆகியிருந்தது.

டப்ளினில் பார்க்க வேண்டியவற்றை ‘காசு’, ‘ஓசி’ என்று இரண்டு பத்தியாகப் பிரித்தேன். காசுப் பத்தியில் முதல் ஆள், டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நூல். கி.பி. 800 வாக்கில் துறவிகள் கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய சுவிசேஷப் பிரதி. 680 பக்கம். கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்திருக்கிற பக்கத்தைத்தான் பார்க்க முடியும். கட்டணம் இருபது யூரோவுக்கு மேல். “ரெண்டு பக்கத்துக்கு ரெண்டாயிரம் ரூவாயா? மிச்சத்த எப்பப் படிக்க?” என்று கேட்டாள் மனைவி. முழுப் புத்தகமும் படிக்க ஆறு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்று கணக்குச் சொன்னேன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஓசிப் பத்தி செழிப்பானது. செஸ்டர் பீட்டி நூலகத்தில் பழைய குர்ஆன் பிரதிகளும், பப்பைரஸில் எழுதிய விவிலியமும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. கில்டேர் தெரு அருங்காட்சியகத்திலும் கட்டணம் இல்லை. தாரா புரோச், ஆர்டா கிண்ணம் என்று தங்கமும் வெள்ளியும் நகைக்கடை மாதிரி இருக்கும் என்றேன், ஆர்வம் காட்டினாள். சதுப்பு நிலத்தில் புதைந்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தோலும் தலைமுடியும் கெடாமல் கிடைத்த மனித உடல்களும் அங்கேதான் இருக்கின்றன என்று உற்சாகத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டேன். “ஓசின்னா பொணத்தையும் பாக்கணுமா?” நியூகிரேஞ்ச் கல்லறையைப் பற்றி அதனால் இன்னும் வாய் திறக்கவில்லை. கி.மு. 3200 வாக்கில் கட்டியது, பிரமிடுக்கு மூத்தது. சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே ஐரிஷ் மொழி படிக்கிறேன். டியோலிங்கோவில் காசில்லை. எழுத்துமுறைதான் அநியாயம்! டப்ளின் பக்கம் டன் லீரி என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அந்த ‘லீரி’க்கு ஒன்பது எழுத்து. சிக்கனம் என்ற சொல்லை அந்த எழுத்தில் எழுதினால் நோட்டுத் தீர்ந்துவிடும். நாம் வினையைக் கடைசியில் வைத்து, வாக்கியம் முடியும்வரை எதிராளியைக் காக்க வைக்கிறோம். அவர்கள் வினையை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உருகிப் போனேன். ஐரிஷில் ‘ஆம்’, ‘இல்லை’ என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. வந்தாயா என்று கேட்டால் வந்தேன் அல்லது வரவில்லை என்று அந்த வினையிலேயே பதில் சொல்ல வேண்டும். “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” எங்கள் தெருவில் யாராவது “ஆம்” என்று பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஐரிஷ் அந்த நாட்டு அரசியல் சாசனப்படி முதல் ஆட்சிமொழி. தெருவிலும் பஸ்ஸிலும் கேட்பது என்னவோ ஆங்கிலம்தான் என்கிறாள் தங்கை மகள். இதில் நான் சிரிக்க மாட்டேன். என் பேரன் என்னிடம் பேசுவதும் அப்படித்தான்.

கால்டுவெல் எழுதிய எல்லாவற்றையும் எங்கள் பக்கம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1849இல் சாணார்கள் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு வந்த எதிர்ப்பு சின்ன எதிர்ப்பு அல்ல. அதெல்லாம் தெரிந்துதான் இந்த நோட்டைப் போட்டேன். பயணத்தில் மனுஷனை யாராலும் மிஞ்ச முடியாது. 1838இல் சென்னையில் இறங்கினார். 1841இல் திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டி வந்தபோது, நீலகிரியையும் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார். விசா இல்லை, டிக்கெட் இல்லை, ஆலோசனைக் கட்டணம் இல்லை. இடையன்குடிக் கோயில் வேலையை 1847இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார். 33 வருஷம். என் ஒன்றே முக்கால் வருஷத்தை யாராவது கேலி செய்தால் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் கையிருப்புப் பார்த்தேன். இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் வரை எல்லாம் அடங்குகிறது. பெல்ஃபாஸ்டிலிருந்து கிளாடிக்கும் திரும்பவும் டாக்சி வைத்தால் மட்டும் வரம்பு உடைந்துவிடும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெல்ஃபாஸ்ட் பக்கம் காரோடு யாருக்காவது சொந்தக்காரர் இருந்தால் மே 7 காலையில் எங்களை ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டு பேர், ஒரு பாய். பெட்ரோலில் பாதி என் கணக்கு. கருப்பட்டி தனி.