மேலிருந்து கீழே

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு சுற்றி, சோளக்காட்டில் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்குக் கொல்லிமலை ஏறிப்போகிற ஊர். எங்களுக்கு அது இறங்கிப்போகிற ஊர். பிறந்ததே உச்சியில். ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் ஒரு கையெழுத்துக்கும் இறங்கித்தான் ஆகவேண்டும். என் படிப்பும் அப்படியே அமைந்துவிட்டது. முதலில் எம்.ஏ. வாங்கினேன். அப்புறம் பிளஸ் டூ. கடைசியாக பி.ஏ.

1988-இல் பிளஸ் டூ கணக்கில் ஃபெயில். அப்போது நாங்கள் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமாக இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. பிளஸ் டூ தேறாத மலைக்காரப் பையனுக்குக் கீழே காத்திருந்த மேற்படிப்புகள் மூன்று: நாமக்கல்லில் லாரி கிளீனர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, டைப்ரைட்டிங் லோயர். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தேன். போர் வண்டியில் மட்டும்தான் இந்தியா பார்க்கக் கிடைத்தது. பார்த்ததெல்லாம் புழுதி.

பாஸானவர்கள் ‘கரஸ்’ போட்டார்கள். அஞ்சல் வழிக் கல்வி என்று யாரும் சொன்னதில்லை, கரஸ்தான். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது, அண்ணாமலை 1979-இல், சென்னை 1981-இல். மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வந்த வாத்தியார்கள் எல்லாரும் ஏதோ ஒரு கரஸில் இருந்தார்கள். எம்.ஏ. முடித்தால் ஊக்க ஊதியம், எம்.எட். முடித்தால் இன்னொன்று. மாலையில் பள்ளிக்கூடத் திண்ணையில் பையன்கள் ஒரு பக்கம் வாய்ப்பாடு படிக்க, வாத்தியார் இன்னொரு பக்கம் இந்தியப் பொருளாதாரம் படிப்பார். மனப்பாடச் சத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. (அந்த ஊக்க ஊதியத்தை அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. திண்ணையும் அமைதியானது.)

1996-இல் பலாப்பழ மூட்டையோடு கீழே இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் ஒரு சுவரொட்டி. ஒரு பல்கலைக்கழகம் திறந்தநிலையில் நேரடி எம்.ஏ. தருகிறதாம். அடிப்படைப் பட்டம் வேண்டாம். தகுதி: 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தகுதி ஐந்து வருஷம் கூடுதலாகவே இருந்தது. வாழ்க்கையில் நான் தேவைக்கு மேல் தகுதியோடு போய் நின்ற ஒரே இடம் அதுதான்.

வரலாறு எடுத்தேன். சேந்தமங்கலத்தில் டிராஃப்ட் எடுத்து அனுப்பி இரண்டு மாதம் கழித்து, பஸ் கூரையில் ஏறிப் புத்தகப் பொட்டலம் வந்தது. தபால்காரர் தோளில் தூக்கி வந்து திண்ணையில் போட்டார். அம்மா கையில் தூக்கிப் பார்த்து, “மிளகு மூட்டையா இருந்தா நல்ல விலைக்குப் போயிருக்கும்” என்றாள். என் வீட்டுக்காரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழைய காலண்டரில் அட்டை போட்டாள். அவள் 1994-இல் முதல் முயற்சியிலேயே பிளஸ் டூ பாஸ் பண்ணியவள். கணக்கிலும்தான். 95-இல் கல்யாணம். எம்.ஏ. முதலாண்டுப் புத்தகங்களை என்னைவிட அவள்தான் முதலில் படித்து முடித்தாள். மகன் பால் குடிக்கும் நேரமெல்லாம் அவளுக்குப் படிக்கும் நேரம். எனக்கு அவள் கதையாகச் சொல்வாள். நான் போய்ப் பரீட்சை எழுதுவேன். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு அப்போது வினோதமாக எதுவும் தெரியவில்லை.

தொடர்பு வகுப்புகள் சேலத்தில். பாதிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், மழை என்பேன். கொல்லிமலைக்காரன் மழை என்றால் கீழே யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். சித்திரை வெயிலில் சொன்னாலும் நம்புவார்கள்.

பரீட்சை அறையைச் சொல்லாமல் விட முடியாது. அப்படி ஒரு சபையை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. மப்டியில் வந்த ஏட்டு, நடுநடுவே டிக்கெட் கொடுக்கிற மாதிரி எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பும் கண்டக்டர், ஊக்க ஊதிய வாத்தியார்கள் ஒரு வரிசை, வெளியே பாட்டியின் மடியில் அழும் குழந்தைக்காக ஜன்னலையே பார்த்தபடி எழுதும் ஒரு பெண். என் பெஞ்சில் அப்பாவும் மகனும், ஒரே பாடம். மகன் அப்பாவைப் பார்த்து எழுதவில்லை. அப்பாதான் மகனைப் பார்த்து எழுதினார். கண்காணிப்பாளர் வந்தபோது, “பெத்தவன் பார்க்கக் கூடாதா சார்?” என்று கேட்டார்.

1998-இல் எம்.ஏ. கைக்கு வந்தது. ஊரில் பெயரே மாறியது: எம்.ஏ. வீடு, எம்.ஏ. தோட்டம், எம்.ஏ. வளர்க்கிற நாய்.

அதன் பிறகு பதினொரு வருஷம் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய எம்.ஏ. அரசு வேலைக்கு ஆகாது என்று. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்று படிப்படியாக ஏறியிருக்க வேண்டும் என்று மாநில அரசும் அதே வருஷம் ஆணை போட்டது. எனக்கு இரண்டும் தெரியாது. மறுவருஷம் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நின்றேன்.

காகிதங்களைச் சீட்டு விரிப்பதுபோல் விரித்த அந்த அதிகாரி முதலில் சாதிச் சான்றிதழில் நின்றார்.

“மலையாளின்னு போட்டிருக்கு. தமிழ் நல்லா பேசுறீங்களே?”

எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பதும், மலையை ஆள்கிறவன் மலையாளி என்பதும், கேரளத்துக்கும் எங்களுக்கும் தேங்காய் எண்ணெய்ச் சம்பந்தம்கூட இல்லை என்பதும் நான் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒப்பிக்கிற பாடம். ஒப்பித்தேன்.

“சரி, பி.ஏ. எங்கே?”

“பி.ஏ. இல்லீங்க சார். நேரா எம்.ஏ.”

“படிக்கட்டு இல்லாம மாடிக்கு எப்படிய்யா போனீங்க?”

“நாங்க மாடியிலேயே பிறந்தவங்க சார்.”

அவர் சிரித்தார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே தள்ளுபடி செய்தார்.

நாற்பது வயதில் பிளஸ் டூ தனித்தேர்வராக உட்கார்ந்தேன். பழைய பாடத்திட்டம் எப்போதோ செத்துப்போயிருந்ததால் கணக்கில்லாத பிரிவில் எல்லாப் பாடமும் புதிதாக எழுதினேன். 2011-இல் பாஸ். என் முதுகில் பேனாவால் குத்தி ஒரு மார்க் கேள்விக்கு விடை கேட்ட பையன், நான் எம்.ஏ. வரலாறு என்றதும் வேறு பெஞ்சைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் பி.ஏ.; அதையும் வரலாறே எடுத்தேன், ஏற்கெனவே அட்டை போட்ட புத்தகம் வீட்டில் இருக்கிறதே என்று.

இரண்டாம் ஆண்டு பி.ஏ. படிக்கும்போது, 2013-இல், மகன் இன்ஜினியரிங் சேர்ந்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சான்று தருகிறார்கள், விண்ணப்பத்தில் கட்டம் இருக்கிறது என்றான். எஸ்.டி. சலுகை இருக்கையில் இது எதற்கு என்றேன். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றான். போனோம். வேறொரு அலுவலகம், வேறொரு ஜன்னல்.

“அப்பா எம்.ஏ.ன்னு ஊரே சொல்லுதே. பையன் எப்படி முதல் பட்டதாரி?”

“அந்த எம்.ஏ. செல்லாதுன்னு தீர்ப்பு இருக்குங்க.”

“வேலைக்குத்தானே செல்லாது?”

வேலை கேட்கும்போது நான் பட்டதாரி இல்லை. சலுகை கேட்கும்போது பட்டதாரி. 2014-இல் பி.ஏ. வந்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. பத்தாவது போதும் என்கிற குரூப் 4 தேர்வை அதன் பிறகு இரண்டு முறை எழுதினேன். சுற்றிலும் பி.இ., எம்.பி.ஏ. பிள்ளைகள். நான் மிளகுக்குத் திரும்பினேன். சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற கொடியிடம் யாரும் அடிப்படைத் தகுதி கேட்பதில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. மலைமேலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் காலைப் பஸ்ஸில் இறங்கி மாலைப் பஸ்ஸில் ஏறுகிறார்கள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. தொலைநிலைப் பட்டமும் கல்லூரிப் பட்டமும் ஒன்றுதான் என்று யு.ஜி.சி. 2022-இல் அறிவித்தது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று சொன்னதும் அந்த வருஷம்தான். எந்த வரிசையில் என்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் என் வீட்டுக்காரி, சோற்றைப் போட்டுவிட்டு, “நான் பி.ஏ. தமிழ் சேரப்போறேன்” என்றாள். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். நாற்பத்தெட்டு வயசு. ஆயிரம் ரூபாய் அவளுக்கும் வருமா என்று விசாரித்தேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான், எல்லாத் தகுதியும் இருக்கிறது. ஆனால் கரஸுக்குக் கிடையாதாம்.

டிராஃப்ட் வேண்டாம், தபால் வேண்டாம், வீட்டிலிருந்தே சேரலாம் என்றான் ஓசூர் கம்பெனியில் இருக்கும் மகன். வீட்டிலிருந்தே என்றால், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையிலிருந்து. சிக்னல் அங்கேதான் வரும். 2024-இலிருந்து தொலைநிலையில் சேர டி.இ.பி. ஐ.டி. கட்டாயம். அதை எடுக்க ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும். அதற்கு ஆதார். ஆதாருக்கு ஓ.டி.பி. அவள் ஆதாரில் இருப்பது மகனுடைய எண். ஆகவே கொல்லிமலைப் பாறையில் அவள் பொத்தானை அமுக்க, எண் ஓசூருக்குப் போகும். அங்கே அவன் ஷிப்டுக்கு நடுவே பார்த்து, போன் போட்டு, எண்ணைச் சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் காலாவதி. மூன்று நாள் நடந்தது. ஒருநாள் எண் சரியாக வந்தது, இனிஷியல் வரவில்லை: மார்க் ஷீட்டில் அவள் அப்பாவின் எழுத்து, ஆதாரில் என்னுடையது. ஆதாரைத் திருத்த இறங்கினோம். எழுபது வளைவு.

திரும்ப அவள் அப்பாவின் இனிஷியலோடு ஏறி வந்து, பாறையில் உட்கார்ந்தாள். நான் குடை பிடித்தேன், வெயிலுக்கு. மகன் லைனில் இருந்தான். பக்கம் பக்கமாக நகர்ந்தது. பிளஸ் டூ தேறிய ஆண்டு: 1994. முயற்சி: முதல். பிறகு ஒரு கட்டம்.

“ஏங்க, படிப்புல இடைவெளி எத்தனை வருஷம்னு கேக்குது.”

“முப்பத்தொண்ணு.”

“காரணம் கேக்குது.”

நான் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

“ஏதாவது போடும்மா, டைம் ஓடுது” என்றான் மகன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு எழுத்து தட்டினாள். மழை.

ஏற்றுக்கொண்டது.