முதுகில் பை, கையில் கவர்: தருமபுரி மாவட்டக் கல்லூரி வளாகங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தருமபுரி மாவட்டத்தில் பைப் பஞ்சம் என்று ஒன்று கிடையாது. எந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஓர் ஆணி இருக்கும். ஆணியில் கட்டைப் பை. கட்டைப் பைக்குள் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் பல கல்யாணங்களில் சேர்ந்த தாம்பூலப் பைகள். இவ்வளவு வளமான மண்ணிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளை, வாசல் கடையில் ஒரு பேனா வாங்கினாலும் "அண்ணா, ஒரு கவர் குடுங்க" என்கிறது. ஏன்? இதுவே ஆய்வுச் சிக்கல்.

2. ஆய்வு எல்லை

தருமபுரி, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், செட்டிக்கரை எனக் கல்லூரிகள் பரந்து கிடக்க, கவனிக்கப்பட்ட வளாகம் எது என்பது ஆய்வறம் கருதி மறைக்கப்படுகிறது. எல்லா வாசல்களிலும் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு டீக்கடை, நிப்பட்டு விற்கும் ஒரு தள்ளுவண்டி இருப்பதால், மறைத்ததில் பெரிய இழப்பும் இல்லை.

3. முன்னோர் வழக்கு

தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்ததைப் புறநானூறு சொல்கிறது. கனி கையிலிருந்து கைக்கே போயிருக்க வேண்டும். கவரில் போட்டு முடிச்சிட்டுத் தந்ததற்குச் சான்றில்லை. அன்று இம்மண்ணில் நெடுநாள் வாழ நெல்லிக்கனி தேவைப்பட்டது. இன்று எதையும் தின்னாமலே சாகாதிருப்பது கவர் ஒன்றே.

கவரின் பிறப்பு சுவீடனில். அங்கே செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தின் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த, கைப்பிடியோடு கூடிய ஒரே துண்டுப் பைக்கு 1965இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதே 1965இல், அக்டோபர் 2 அன்று, சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவானது. ஆக, மாவட்டமும் கவரும் ஒரு வயது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினால் கட்டுரையில் ஒரு பத்தி குறையும்.

4. சட்டப் பின்புலம்

மத்திய அரசின் விதிகள் கவரை ஊட்டி வளர்த்தன எனலாம். குறைந்தபட்சத் தடிமன் 2011இல் 40 மைக்ரான், 2016இல் 50, 2021இல் 75, 2022 இறுதியில் 120. தமிழக அரசுக்கு இந்தப் பொறுமை இல்லை. 2018 ஜூன் 5இல் சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடிமன் பாராமல் தடை செய்தது. அப்பட்டியலில் 'நான்-ஓவன்' பையும் உண்டு. துணிப்பை என்று நம்பி நாம் பெருமையோடு தூக்கித் திரிந்த அது பாலிப்ரொப்பிலீன், அதாவது துணி வேடமிட்ட பிளாஸ்டிக். 2021 டிசம்பர் 23இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. கடைக்காரர் வாங்கத் தயங்கும், கண்டக்டர் முகம் சுளிக்கும் அந்த நாணயத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் ஒரே ஜீவன் அது.

5. களப்பணி

கடையில் கவர் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதில்லை. கல்லாவுக்கு அடியில், பழைய பேப்பருக்குக் கீழே இருக்கும். கேட்டதும் கடைக்காரர் சாலையை ஒரு பார்வை பார்ப்பார். கை மட்டும் கீழே போகும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு தேய்ப்பு; ஒட்டியிருந்த வாய் பிரியும்; ஓர் உதறல்; காற்று புகுந்து கவர் புடைத்து நிற்கும். நிப்பட்டு உள்ளே விழும். வண்டியிலிருந்து வகுப்பு மரத்தடி வரை அதன் பணிக்காலம். பிறகு வேலி முள்ளில் நிரந்தர நியமனம்.

ஒரு நாள் கடைக்காரர் மறுத்தார். "கவரெல்லாம் இல்ல கண்ணு, செக்கிங் வர்றாங்க. வீட்ல மஞ்சப்பை இல்லியா?"

மாணவி பதறினாள். "ஐயோ அண்ணா, மஞ்சப்பையா? டவுன் பஸ்ல எல்லாரும் பாப்பாங்க."

ஆய்வின் மையத் தரவு இது. பட்டிக்காட்டானைப் பட்டணத்தில் இறக்கும்போதெல்லாம் கையில் மஞ்சப்பை கொடுத்து அனுப்பிய சினிமா செய்த வேலையை எந்த அரசாணையும் எளிதில் அழிக்க முடியாது. வீட்டு ஆணியில் பைகள் தேங்கியதற்குக் காரணம் மறதி பாதி, மானம் பாதி.

6. கணக்கு

பை கொடுத்துவிட்டால் தீருமா? பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 ஆய்வுப்படி, புவி வெப்பமாதலில் கவரைவிடக் குறைந்த கேடு செய்ய ஒரு பருத்திப் பை 131 முறையாவது உழைக்க வேண்டும். டென்மார்க் அரசின் 2018 ஆய்வு வேறு பலவகைச் சுற்றுச்சூழல் கேடுகளையும் கணக்கில் எடுத்து 7,100 முறை என்றது. ஆண்டுக்கு 180 வேலை நாள், நாளுக்கு ஒருமுறை என்று வையுங்கள்: 39 ஆண்டுகளுக்கு மேல். 18 வயதில் முதலாண்டு சேர்ந்தவர் அதே கல்லூரியில் பேராசிரியராகி, துறைத்தலைவராகி, 57 வயதில்தான் அந்தப் பையைக் கீழே வைக்கலாம். மாட்டு வயிற்றில் போகும் கவரையும் சாக்கடையை அடைக்கும் கவரையும் இக்கணக்குகள் சேர்க்கவில்லை. எனவே கவருக்கு இது நற்சான்றிதழ் ஆகாது. ஆனால் புதுப் பை கொடுப்பது புண்ணியம் என்ற நம்பிக்கைக்கு இது கேடு.

கல்லூரிகளோ கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. பிளாஸ்டிக் ஒழிப்புக் கருத்தரங்கு என்றால் பங்கேற்பாளருக்கு ஒரு பை. பைக்குள் பிளாஸ்டிக் ஃபைல். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ். அடுத்த மாதம் வேறு துறை, வேறு கருத்தரங்கு, வேறு பை. ஆணியின் கனம் கூடுகிறது. வாசல் கடையில் கவர் குறைவதில்லை.

7. கண்டுபிடிப்பு

இத்தனைக்கும் நடுவே ஒரு பொருள் ஆய்வாளர் கண்ணில் தாமதமாகவே பட்டது. கவர் கேட்கும் ஒவ்வொரு மாணவர் முதுகிலும் ஏற்கனவே ஒரு பை தொங்குகிறது. இரண்டு ஜிப், பக்கவாட்டில் பாட்டில் செருகும் வலை, உள்ளே ஒரே ஒரு நோட்டு. அரைப்படி அரிசி தாராளமாகக் கொள்ளும். அதில் மானக்கேடும் இல்லை. மறந்துவிட்டு வரவும் முடியாது. அதைத் திறக்காமல், அதைச் சுமந்துகொண்டே, இன்னொரு பை கேட்கப்படுகிறது.

8. பரிந்துரை

கவர் கேட்பவரிடம் கடைக்காரர் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: "முதுகுல இருக்கறது என்ன கண்ணு?" எண்ணெய் வடியும் நிப்பட்டுக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு டப்பா. அவ்வளவுதான் திட்டம்.

சிறந்த கல்லூரிக்கு மஞ்சப்பை விருதாக அரசு பத்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. இத்திட்டத்தோடு விண்ணப்பிக்கலாமா என்று பெயர் வெளியிட விரும்பாத ஒரு கல்லூரி முதல்வரிடம் கேட்கப்பட்டது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இதுல எதைக் குடுத்துப் போட்டோ எடுக்கறது?" என்றார். இத்தடைக்குத் தீர்வு காண்பது அடுத்து வரும் ஆய்வாளர் கடமை.