ரிமோட் தாத்தா

லிவர்பூல் பக்கம் போனால் இவரை விசாரித்துத் தேட வேண்டாம். தெருவுக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். 1968 ஜூலையில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் கார்ட்டூன் படமான ‘எல்லோ சப்மரின்’ திரைக்கு வந்தபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த பையன். இன்று பேரன் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பார்க்கிற தாத்தா.

படத்தின் நீளம் சுமார் 90 நிமிடம். தாத்தா வீட்டில் அது மூன்றரை மணி நேரம் ஓடும். காரணம், ரிமோட் அவர் கையில்.

கொஞ்ச நேரத்திலேயே சாம்பல் பூத்த லிவர்பூல் தெருக்கள் வரும். டக். திரை உறையும். “அந்த மூலை வீடு தெரியுதா? எங்க பழைய தெரு.” போன ஞாயிறு வேறொரு வீட்டைக் காட்டினார். பேரன் கேட்கவில்லை, கேட்டால் இன்னும் பத்து நிமிடம் போகும்.

நீர்மூழ்கி கிளம்பும். டக். “பேசுறது பீட்டில்ஸ் இல்லை, நடிகர்கள். பாட்டு மட்டும்தான் அவங்களோடது.” ஓடும். டக். “ஜார்ஜுக்குக் குரல் கொடுத்தவர் ராணுவத்திலிருந்து ஓடி வந்தவராம். பாதியிலேயே பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.” ஓடும். டக். “படம் வரைஞ்ச பாணி ஹைன்ஸ் எடெல்மன் என்ற ஜெர்மன்காரரோடது. டிஸ்னி வாடையே இருக்காது பார்.” பாகவதர்கூட ஒரு சுலோகத்தை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளைக்கதைக்குப் போவார். தாத்தாவுக்கு ஒரு பல்லவி முடிவதற்குள் நாக்கு அரிக்கும்.

குற்றம் சொல்லவில்லை. இந்தப் படத்தில் சொல்வதற்கு அத்தனை இருக்கிறது. ஓட்டைகளாலேயே ஆன ஒரு கடல் வரும். ரிங்கோ அதில் ஓர் ஓட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். உறிஞ்சு மூக்கோடு ஒரு பிராணி வரும். எதிரே கண்டதையெல்லாம் உறிஞ்சிவிட்டு, கடைசியில் தன்னையே உறிஞ்சிக்கொள்ளும். பேரன் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இதுதான். தாத்தா விழுந்து விழுந்து சிரிப்பது வேறொருவரைப் பார்த்து: ஜெரமி என்ற குட்டி அறிஞர். எல்லாம் தெரிந்தவர், அடிக்குறிப்பு ஓயாதவர், எங்கும் போய்ச் சேராமல் சுற்றிச் சுற்றி வருபவர். “என்ன பிறவிடா இது!” என்று தாத்தா கண்ணைத் துடைத்துக்கொள்வார். பாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவாள்.

‘ஹே புல்டாக்’ பாட்டு வந்தால் மட்டும் குரல் மாறிவிடும். படத்துக்கென்று வந்த புதுப் பாட்டே நாலுதான். அதில் ஒன்றை அமெரிக்காவில் வெளியிட்டபோது வெட்டிவிட்டார்கள். 1999 மறுவெளியீட்டில்தான் அங்கே அது திரும்பி வந்தது. பங்காளி வரப்பை வெட்டிய வழக்கைச் சொல்வதுபோல் இதைச் சொல்வார். இங்கிலாந்தில் அந்தப் பாட்டைத் தடையில்லாமல் பார்த்தவர்தான். இருந்தாலும் கோபம் கோபம்தான்.

போன ஞாயிறு பேரன் முதல்முறையாகத் தானே ஒரு கேள்வி கேட்டான். தாத்தாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

“தாத்தா, இந்த ப்ளூ மீனிங்க என்ன கெட்டது பண்றாங்க?”

“அவங்களுக்குப் பாட்டுன்னாலே ஆகாது. பெப்பர்லாந்துங்கிற நாட்டுக்குள்ள புகுந்து பாட்டை நிறுத்திடுவாங்க. ஆடிப் பாடிட்டு இருக்கிறவங்களை அப்படியே சிலையா நிக்க வச்சிடுவாங்க.”

பேரன் திரையைப் பார்த்தான். பால் வாயைத் திறந்தபடி, ஒரு காலைத் தூக்கியபடி, நாலு நிமிடமாகச் சிலையாக நின்றுகொண்டிருந்தார். பிறகு தாத்தாவின் கையைப் பார்த்தான்.

படம் முடியும் இடத்தில் நிஜமான பீட்டில்ஸ் நால்வரும் ஒரு நிமிடம் நேரில் வருவார்கள். ப்ளூ மீனிகள் இந்தத் திரையரங்கின் பக்கத்திலேயே நடமாடுவதாக எச்சரித்துவிட்டு, எல்லோரையும் பாடச் சொல்வார்கள். அது முடிந்ததும் தாத்தா எழுந்து டீ போடப் போனார்.

திரும்பி வந்தபோது ரிமோட்டைக் காணோம். சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தாயிற்று, பூந்தொட்டியைக் கவிழ்த்தாயிற்று. பாட்டிக்கு இடம் தெரியும், சொல்லவில்லை.

இந்த ஞாயிறு படம் 90 நிமிடத்தில் முடிந்தது.