வெப்சைட் முதலாளி

கண்டி வீதியில் மாவனல்லைக்கு வந்து இறங்குகிறவர் வெப்சைட் முதலாளியை விசாரித்துத் தேட வேண்டியதில்லை. கடை பூட்டும் நேரத்தில் பஜாரில் நின்றால் போதும். மற்றவர்கள் ஷட்டரை இழுத்து, பூட்டை அமுக்கி, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள். இவருடைய ஷட்டருக்கு வலப்பக்கம் ஒரு பூட்டு, இடப்பக்கம் ஒரு பூட்டு, நடுவில் வாப்பா காலத்துப் பித்தளைப் பூட்டு. மூன்றையும் இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடப்பார். திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பிறகு கெமராவை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டுவார். அது விழித்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். சாவிக்கொத்து தலையணைக்கு அடியில் தூங்கும். காசு லாச்சியின் சாவி இடுப்பு பெல்ட்டில். அது குளிக்கும்போதும் கூடவே போகும் என்பது பஜாரில் பேச்சு.

இப்படிப்பட்டவருடைய வெப்சைட்டின் பாஸ்வேர்ட் கடையின் தொலைபேசி இலக்கம். பத்து இலக்கமும் பெயர்ப்பலகையில் அரை அடி உயரத்தில், சிவப்புப் பெயின்டில் இருக்கிறது. கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கூட வாசிக்கலாம்.

வியாபாரம் மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலம், கறுவா. ஊர்ச் சனங்கள் காயவைத்துக் கொண்டுவருவதை நிறுத்து வாங்கி, துப்புரவாக்கி, பைக்கெட்டில் போட்டு விற்கிறார். வெப்சைட் ஆசை வெள்ளைக்காரரால் வந்தது. பின்னவலையில் யானை பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போகிற வழியில் வாசனைத் தோட்டம் பார்க்க வந்த ஒருவர், கடையில் ஏலக்காயை முகர்ந்துகொண்டே, “வெப்சைட் இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டார். முதலாளி வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரிடமும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. “இப்ப முடிஞ்சிருச்சு, நாளைக்கு வரும்” என்றார். அன்று பின்னேரமே தங்கச்சியின் மகனுக்குக் கோல் போனது.

கண்டியில் கொம்பியூட்டர் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த மருமகன் ஒரு சஹன் புரியாணிக்கும் ஒரு மாத டேட்டாவுக்கும் கடையை உலகமயமாக்கிக் கொடுத்தான். முகப்பில் கோட்டுப் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கை குலுக்குவார்கள். அவர்கள் யார், எதற்குக் குலுக்குகிறார்கள் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டிய ஆறு இளம் பெண்கள் சிரிப்பார்கள். கடையிலோ மிளகு புடைக்கும் இரண்டு மூதாட்டிகளும் ஒரு பொடியனும்தான். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் மாதிரிக்காக வந்த லத்தீன் வரிகள் அப்படியே கிடக்கின்றன. அது ஏதோ உயர்ந்த இங்கிலீஷ் என்று முதலாளிக்குப் பெருமை. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையின் அடிப்பக்கத்தில் ஒரு குட்டி யானை இடமிருந்து வலமாக நடந்து போகும். அதைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். “பாருங்க, நடக்குது.”

வெப்சைட் முகவரி விசிட்டிங் கார்டில் ஏறியது, பில் புத்தகத்தில் ஏறியது, லொறியின் பின்கதவில் ஏறியது, மகளின் கலியாணக் கார்டிலும் ஏறியது. அதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தார். அவருக்கு வெப்சைட் ஒரு பெயர்ப்பலகை. ஒருமுறை ஆணி அடித்தால் வாப்பா காலத்தில் இருந்து பேரன் காலம் வரைக்கும் நிற்க வேண்டும். பெயர்ப்பலகையை யாராவது தினமும் திறந்து, கூட்டி, பூட்டுவார்களா?

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் ஒரு கொள்கையே வைத்திருக்கிறார். “எங்கட கடையில களவெடுக்க என்ன ஈக்கி? மொளகும் கராம்பும் தானே. அத வயருக்குள்ளால இழுத்துக்கிட்டுப் போக ஏலுமா?”

கள்ளனைப் பற்றி மாவனல்லைக்காரருக்குப் பாடம் எடுப்பது வீண் வேலை. கொழும்புப் பக்கம் கொஞ்சம் போனால் உதுவன்கந்த. அந்தக் குன்றின் மேல் இருந்துதான் சரதியல் கண்டி வீதியில் போன வண்டிகளைக் கணக்குப் பார்த்துக் கொள்ளையடித்தான். 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் துவான் சபான் கூட்டாளி மம்மாலி மரிக்காரின் வெடிக்குப் பலியானார். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று இலங்கைப் பொலிஸ் அந்த நாளை இன்றும் நினைவுகூருகிறது. அதே வருடம் மே 7இல் சரதியலுக்கும் மம்மாலிக்கும் கண்டியில் தூக்கு. முதலாளியின் கள்ளவியல் முழுவதும் அந்தக் குன்றில் இருந்து இறங்கி வந்தது. கள்ளன் மேலே இருப்பான், பார்ப்பான், பணக்காரனைப் பொறுக்குவான். மிளகு மூட்டை ஏற்றிய வண்டியை விட்டுவிடுவான்.

கடையில் வேலை செய்கிற பொடியன் பக்கத்து றப்பர் தோட்டத்து லயத்தில் இருந்து வருகிறவன். போனில் நோண்டியே பாதி தொழில்நுட்பம் கற்றவன். அவன் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான்: “மொதலாளி, இப்ப திருடன் ஆளப் பாத்து வர்றதில்ல. மிசின் வருது. எல்லாக் கதவையும் தட்டும். தொறந்ததுக்குள்ள போயிரும்.”

சொன்னது சரிதான். உலகில் உள்ள வெப்சைட்டுகளில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் வாசல் ஒரே திசையில், ஒரே மாதிரி. தானாக ஓடும் நிரல்கள் இரவு பகலாக முகவரி முகவரியாகப் போய், பெயருக்கு ‘அட்மின்’ என்றும் பாஸ்வேர்டுக்கு 123456 என்றும் போட்டுப் பார்க்கும். அடுத்ததாக, கடையின் பெயர், ஊரின் பெயர், தொலைபேசி இலக்கம். அந்தக் கடை மிளகு விற்கிறதா, மாணிக்கம் விற்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

முதலாளி அசரவில்லை. “கடுகண்ணாவைப் பொடியன மறந்துட்டீங்களா?” என்றான் பொடியன். மாவனல்லையில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. 2016 ஓகஸ்டில் ஜனாதிபதியின் இணையத்தளத்துக்குள் யாரோ புகுந்து, உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டு வரும் ஏப்ரலில் வைக்காதீர்கள், இலங்கை வெப்சைட்டுகளின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்று சிங்களத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். பொலிஸ் தேடிப் போய்ப் பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கைதுசெய்த இடம், கணவாய் ஏறினால் வருகிற கடுகண்ணாவை. முதலாளி அதற்கும் பதில் வைத்திருந்தார். “அது ஜனாதிபதி. எனக்கிட்ட சோதனய பின்போடச் செல்லி யாரு கேக்கப் போறான்?”

அடுத்த கேடயம் டொட் எல்கே. முகவரியின் வாலில் எல்கே இருப்பதால் அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. அந்தப் பெயர்களை 1990 முதல் பதிந்து வருகிறது எல்கே டொமைன் பதிவகம். அது பெயரைத்தான் பதியும், கடைக்குக் காவல் நிற்காது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி அந்தப் பெயர்களில் சிலவே திசை திரும்பின. கூகுள் டொட் எல்கே என்று அடித்தவர்களுக்கும் வேறொரு பக்கம் வந்தது. அதில் பத்திரிகைச் சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினை என்ற வரிசையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிரச்சினையும் எழுதியிருந்தது. பொடியனுக்கு அந்த நாள் நல்ல ஞாபகம். “நம்ம சம்பளப் பிரச்சினைய கூகுள்ல போட்ட ஒரே நாள் அது மொதலாளி.”

கடைசிக் கேடயம் அந்தப் பூட்டு. முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் இருக்கும் அல்லவா? மருமகன் அதைக் காட்டிய நாளில் இருந்து முதலாளிக்கு நிம்மதி. உண்மையில் அந்தப் பூட்டு, வாடிக்கையாளர் தட்டுவதை வழியில் யாரும் ஒட்டுப் பார்க்காமல் காப்பது மட்டும்தான். உள்ளே யார் குந்தியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. 2023 செப்டெம்பரில் குரோம் உலாவி, இதைப் பார்த்துச் சனம் தப்பாக நம்புகிறது என்று பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது. மறுநாள் கடையில் ஒரே அமளி. “பூட்டக் களவெடுத்துட்டாங்க!”

அன்று ஒன்றும் களவு போகவில்லை. உண்மையில் போன நாளில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வருகிறார். குவைத்தில் இருந்து பழைய வாடிக்கையாளர் கோல். “ஹாஜியார், எப்ப இருந்து சூதாட்டம் தொடங்கினீங்க?” கூகுளில் கடையின் பெயரைப் போட்டால், கடைப் பெயருக்குக் கீழேயே இந்தோனேசிய மொழியில் சூதாட்ட விளம்பரம். முப்பது வருடமாக லொத்தர் டிக்கட்கூட வாங்காத மனிதர். போனை எடுத்துத் தானே முகவரியை அடித்துப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் கை குலுக்கினார்கள், யானை நடந்தது. “ஒண்டும் இல்ல. யாரோ பொறாமையில கத கட்டுறாங்க. கண்ணூறு.”

கள்ளனின் கெட்டித்தனமே அதுதான். நேரே வருகிற முதலாளிக்குப் பழைய முகப்பைக் காட்டுவான்; கூகுள் வழியாக வருகிறவருக்கு மட்டும் சூதாட்டம். மிளகு அவனுக்கு வேண்டாம். பல வருடமாக நல்ல பெயரோடு நிற்கும் ஒரு சுவர் வேண்டும், தன் நோட்டீஸ் ஒட்ட. முதலாளியை நம்பவைக்கப் பொடியனுக்கு ஜும்மாவில் இருந்து அஸர் வரை பிடித்தது.

பிறகுதான் சாவி தேடும் படலம். மருமகன் கட்டாரில். டொமைன் மருமகன் பெயரில். நினைவூட்டல் கடிதங்கள் போவது மருமகனின் பழைய கல்லூரி மின்னஞ்சலுக்கு. அது அவன் படிப்பு முடிந்ததோடு மூடப்பட்டுவிட்டது. இடவாடகை கட்டியது மருமகனின் கூட்டாளியின் கார்டில். அந்தக் கூட்டாளிக்கும் மருமகனுக்கும் இப்போது கதை பேச்சு இல்லை. காசு லாச்சிச் சாவியைப் பொண்டாட்டிக்கே கொடுக்காத மனிதர், உலகம் முழுக்கத் தெரிகிற கடையின் சாவியை மருமகனிடமும், மூடிப்போன மின்னஞ்சலிடமும், மருமகனின் கூட்டாளியிடமும் கொடுத்து வைத்திருந்தார்.

“பேக்கப் இருக்கா மொதலாளி?”

“ஏன் இல்லாம?” என்று பெருமையோடு லாச்சியைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். அதற்குள் மகளின் கலியாண வீடியோ இருந்தது. இதில் அவரைத் தனியாகக் குறை சொல்லவும் முடியாது. 2023இல் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பைப் பணம் கேட்டு மிரட்டும் மென்பொருள் பூட்டியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குப் பிரதியே இல்லை என்று தெரியவந்தது. ஏறக்குறைய 5,000 முகவரிகள். அரசாங்கத்திடம் கலியாண வீடியோகூட இல்லை.

அன்று இரவு பொடியனும் கட்டாரில் இருந்து மருமகனும் வட்ஸ்அப்பில் பேசிப் பேசிக் கடையைக் கூட்டினார்கள். அட்மின் பட்டியலைத் திறந்தால் ஏழு பேர். அதில் ஐந்து பேர் எந்த நாட்டவர் என்றே தெரியவில்லை. அவர்களை வெளியே அனுப்பினார்கள். பல வருடமாகப் புதுப்பிக்காத மென்பொருளைப் புதுப்பித்தார்கள். தேவையில்லாத துணைச் செயலிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். கடைசியில் ஓட்டை எது என்று கண்டுபிடித்தார்கள். யானை. நடக்கிற யானைக்காக மருமகன் எங்கோ இனாமாக எடுத்துப் போட்ட செயலி. அதைச் செய்தவனே கைவிட்டு நாலு வருடம். அந்த யானையின் பக்கத்தால்தான் கள்ளன் உள்ளே வந்திருக்கிறான்.

“யானய மட்டும் கழட்டாதீங்க” என்றார் முதலாளி.

பொடியனுக்குப் பொறுமை போனது. “மொதலாளி, நம்ம கடையில நீங்க ராத்திரி மூணு பூட்டு போடுறீங்க. பின்கதவ தொறந்து வச்சிட்டு யானைய கட்டிப் போடுவீங்களா? இதுவும் கடைதான். இதுக்கும் ஷட்டர் இருக்கு.”

ஷட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளியின் முகம் மாறியது. பெயர்ப்பலகை என்று நினைத்திருந்த வரைக்கும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடை என்று சொன்னதும் எல்லாம் விளங்கியது. கடையைக் காப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. டொமைன் தன் பெயருக்கு வர வேண்டும் என்றார். புதுப்பிக்கும் திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார். மாதம் ஒருமுறை முழுப் பிரதி எடுத்து, ஒன்றை இணையத்தில் வேறிடத்திலும் ஒன்றை மேட்டில் இருக்கும் தங்கச்சி வீட்டிலும் வைக்கச் சொன்னார். மகா ஓயா பெருகினால் கடைக்குள் இருப்பது நனையும் என்பது அவருக்கு அனுபவம். உள்ளே போகப் பாஸ்வேர்டோடு, போனுக்கு வருகிற இலக்கமும் வேண்டும் என்று வைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது. “ரெண்டு பூட்டு! இத முன்னமே செல்ல ஏலாதா?” இப்போது அந்த இலக்கம் வந்ததும் கடையின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு, வாடிக்கையாளர் எல்லோருக்கும் கேட்கும்படி, உரத்துச் சொல்கிறார்.

அன்று முதல் பஜாரின் பாதுகாப்பு ஆலோசகர் அவர்தான். இஷாவுக்குப் பிறகு பிளேன்டீ கடையில் உட்கார்ந்து, ஹார்ட்வெயார்க்காரருக்கும் புடவைக் கடைக்காரருக்கும் பாடம் எடுக்கிறார். “பாஸ்வேர்ட் செல்றது லேசுப்பட்ட சாமான் இல்ல. நீளமா ஈக்கோணும். எழுத்து ஈக்கோணும், இலக்கம் ஈக்கோணும். என்னட பாஸ்வேர்ட ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க ஏலாது. வேணுமெண்டா கேளுங்க...” என்று தொடங்கி, முதல் எழுத்தில் இருந்து கடைசி இலக்கம் வரை ஒப்பிப்பார். யாருக்காவது விளங்காவிட்டால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதியும் காட்டுவார்.

விடிந்ததும் பொடியன் செய்கிற முதல் வேலை அதை மாற்றுவது. அந்த வகையில், மாவனல்லையிலேயே அடிக்கடி பாஸ்வேர்ட் மாறுகிற வெப்சைட் இப்போது அதுதான்.