நான்கு அறைக்கு ஒரு சர்வர்

எல்ல ஊரில் நான்கு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்துபவர் இணையத்தளம் தொடங்கப் போகிறேன் என்றால் போதும், கொழும்பில் படித்த மருமகன் ஒருவன் வந்து சேர்வான். "டெடிகேட்டட் சர்வர்தான் எடுக்கணும் மாமா." அதாவது, முழு இயந்திரமும் மாமாவுக்கே. தளத்துக்கு வருகிறவர்களில் பாதி கூகுளின் ரோபோ, மீதி மருமகன்.

மாமாவுக்கு ஷெயார்ட் ஹோஸ்டிங் தாராளம். ஊவாத் தோட்டத்தில் பிறந்தவருக்கு அதை விளக்கவே வேண்டாம், லயம்தான் அது. ஒரே கூரை, ஒரே பீலி. பக்கத்துக் காம்பராவில் கலியாணம் என்றால் நமக்குத் தண்ணீர் கிடையாது. நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே சர்வரில், பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியில் குடியிருக்கும். அயல்தளம் குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் முன்பதிவுக் கடிதமும் ஸ்பாமில் விழலாம். 'அன்லிமிடெட்' என்ற விளம்பரத்துக்கு அடியில், 'நியாயமான பாவனைக்கு மட்டும்' என்று எறும்பெழுத்தில் இருக்கும்.

விபிஎஸ்ஸில், அதாவது ஒரே இயந்திரத்தைப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வரில், நினைவகம் தனிப் பங்கு. பராமரிப்பும் பெரும்பாலும் உங்கள் தலையில்.

கிளவுட்டில் பாவித்த அளவுக்குக் காசு. அதில் வைத்தால் எதுவும் தொலையாது என்பது மருமகனின் பக்தி. ஆனால் 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டையே, கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின, அமைச்சரவை அலுவலகத்தினதும் சேர்த்து. அந்தக் காலத்துக்கு பேக்கப் இல்லை. மென்பொருளும் பழசு.

மனு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்த தோட்டத்து மக்களுக்கு, அந்த மூன்று மாதத்தில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.