நாற்பது சதவீத வங்கியின் விண்ணப்பம்

ஆளுநர் அவர்கள்,
இலங்கை மத்திய வங்கி,
ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01.

மாட்சிமை பொருந்திய ஐயா,

போன திங்கட்கிழமை வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், என் கணக்கிலிருந்த 2,500 ரூபாவில் 2,000 கேட்டேன். “அங்கிள், மினிமம் பலன்ஸ் ஆயிரம் இருக்கோணும். ஆயிரத்தஞ்ஞூறுதான் தரலாம்” என்றார் காசாளர்ப் பிள்ளை, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. பின்னால் நின்ற பொடியன் இரக்கப்பட்டு ஒரு 500 ரூபாத் தாளை நீட்டினான். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலருக்கு இணங்கியபோது எத்தனை நிபந்தனை வைத்தது! பொடியன் ஒன்றுகூட வைக்கவில்லை. ஆனாலும் மறுத்துவிட்டேன். இறையாண்மை என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோதுதான் என் பெருமை எனக்கே விளங்கியது. 2,500க்கு 1,000 என்றால் நாற்பது சதவீதம். தங்கள் செல்லப் பிள்ளைகளான வர்த்தக வங்கிகள் வைப்புகளில் இத்தனை பங்கைத் தங்களிடம் போட்டுவைக்க வேண்டும் என்கிற நியதி ஒதுக்கு விகிதத்தையோ 2023 ஆகஸ்டில் 4 இலிருந்து 2 சதவீதமாக இறக்கிவிட்டீர்கள். ஆகவே அவற்றைவிட இருபது மடங்கு பத்திரமான வங்கி நான். கொட்டாஞ்சேனையில் என் தங்கையின் கணக்கில் கிடப்பதே 1,000தான். அவருடைய விகிதம் நூறு! அவரை எங்கள் கிளையாக இணைத்துக்கொள்ள உத்தேசம்.

அந்த ஒதுக்குக்கு நீங்கள் வட்டி கொடுப்பதில்லை என்பது வங்கிகளின் நெடுநாள் மனத்தாங்கல். என் ஆயிரத்துக்கும் வட்டி கிடையாது. நான் முணுமுணுத்தேனா?

ஆகஸ்டு இறக்கத்தால் சுமார் 20,000 கோடி ரூபா சந்தைக்கு வருமென்றீர்கள். 2020 இல் தொற்றுக் காலத்திலும் இரண்டு தடவை இறக்கினீர்கள். என் வங்கிக்கும் ஒரே ஒரு சதவீதம் இறக்கினால் 25 ரூபா விடுதலையாகும். பணவீக்கம் வருமென்று அஞ்ச வேண்டாம்.

அதே 2020 மே மாதம்தான் ‘த பினான்ஸ்’ கம்பனியின் உரிமத்தை இரத்துச் செய்தீர்கள். உங்கள் மேற்பார்வையிலேயே ஆண்டுக்கணக்காக உளுத்துப்போன கம்பனி அது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களுக்கு வைப்புக் காப்புறுதி அன்று தந்த உச்சம் 6 இலட்சம். அதற்கு மேல் போட்டவன் தெருவில் நின்றான். ஒரு கிழவனின் ஆயிரத்தை இப்படிக் காவல் காக்கிற நாட்டில், அந்த இலட்சங்களுக்குக் காவல் இருக்க வேண்டியவர் யார்? ஏன் இருக்கவில்லை?

மன்னிக்க வேண்டும் ஐயா, இரத்த அழுத்தம். அதற்கு மருந்து வாங்கத்தான் அந்த 2,000.

விண்ணப்பம் இதுதான்: என்னையும் உரிமம்பெற்ற வர்த்தக வங்கியாக அங்கீகரித்து, தங்கள் திருக்கரத்தால் 2 சதவீதத்துக்கு இறக்கியருள வேண்டும். 50 ரூபாவை வைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வேன். உரிமத்துக்குக் குறைந்தது 2,000 கோடி மூலதனம் கேட்பீர்கள் என்று தெரியும். என்னிடம் 2,500 இருக்கிறது. கோடி மட்டும் கொஞ்சம் பிந்தும்.

இங்ஙனம்,
தலைவர், நாற்பது சதவீத வங்கி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.