மதில்மேல் வெட்சி

நர்சரிக்காரர்கள் பொய் சொல்வதில்லை. பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். “இது மினி இட்லிப்பூ சார், ரெண்டடிக்கு மேல போகாது” என்று சொல்லித்தான் தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார் எங்கள் ஏரியாக்காரர். அவ்வப்போது வெட்டிக்கொண்டே இருந்தால் போகாது என்கிற மீதிப் பாதியைச் செடி பிற்பாடு தன் வாயாலேயே சொன்னது.

இட்லிப்பூவுக்கு வெயில் வேண்டும். நாளுக்கு அஞ்சாறு மணி நேரமாவது நேர்வெயில் படாவிட்டால் இலையாக விட்டுக்கொண்டு பூவை மறந்துவிடும். சென்னைப் புறநகரில் வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகள் ஏராளம். செடிக்கு வெயில் பார்த்துக் கட்டிய வீடு ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் அத்தனை வெயில் விழுகிற ஒரே இடம் தெருவோரச் சுற்றுச்சுவரின் தலை. தொட்டி அங்கே ஏறியது. அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் சூரியன்தான் பொறுப்பு.

தாவரவியல்படி இட்லிப்பூ காபிச் செடியின் குடும்பம். அதனால் தண்ணீர் சரியில்லை என்றால் முகத்தைக் காட்டிவிடும். கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மண்தான் அதற்குப் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரோ பக்கெட்டின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற ஜாதி. ஊற்ற ஊற்ற, புதுத் துளிரெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், ஆனால் காரம் ஏறிய மண்ணில் அது கரையாது. கரையாததை வேர் குடிக்காது. இதை நான் விளக்குவதற்குள் குடும்பமே வைத்தியத்தில் இறங்கிவிட்டது. அம்மா புளித்த மோரை ஊற்றினாள். மைத்துனர் துருப்பிடித்த ஆணிகளைக் கொண்டுவந்து தொட்டிக்குள் புதைத்தார். செடி தேறவில்லை. பிறகு தொட்டியைக் கிளறிய என் விரல்தான் தேற ஒரு வாரம் ஆனது.

கடைசியில் கைகொடுத்தது அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் வெளிர்ப் பச்சைக் கற்களாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஐந்து கிராம், கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளிக்க வேண்டும். அடுத்து வந்த துளிர்கள் பச்சையாக வந்தன. சுவர்தான் பழுப்பாகிப் போனது. அன்னபேதி பட்ட சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரியே இருக்கும். அம்மா இன்றுவரை எதிரே ஆட்டோ நிறுத்துகிறவரைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

போர் தண்ணீருக்கு மாற்றாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தோம். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிற தண்ணீர் அது, அதில் உப்பு இருக்காது. செடி அதற்குப் பழகிவிட்டது. “செடிக்குத் தண்ணி வேணும், ஏசி ஓடட்டும்” என்று மதியம் மூன்று மணிக்குப் படுத்துக்கொண்டே சொல்லும் உரிமை எனக்குக் கிடைத்தது. மின்கட்டணத்தைத் தோட்டச் செலவில் எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

செடி தேறியதும் பூத்தது. பூத்தது என்றால், இலை தெரியவில்லை. குச்சிபோல நீண்ட குழல், அதன் நுனியில் நான்கே இதழ், அப்படிப் பல பூக்கள் சேர்ந்து ஒரு கொத்து. குழலின் அடியில் துளித் தேன் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதை உறிஞ்சாதவர்கள் பாவம். வாசம் மட்டும் கிடையாது. ஆனாலும் தகவல் தெருக்கோடிவரை போய்விட்டது.

விடியற்காலை வாக்கிங் போகிறவர்களில் ஒருவர் வந்தார். ஏதோ அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளை அரைக்கால்சட்டை, அதன் பையில் மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தே அந்தக் கவருக்குத் தடை. ஆனால் காலை ஐந்தரை மணிக்கு எந்தச் சட்டமும் கண் விழித்திருப்பதில்லை. கொத்துக் கொத்தாக, இரண்டு இலையோடு சேர்த்து ஒடித்துக் கவருக்குள் போட்டுக்கொண்டு போனார்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் இலக்கணமே உண்டு. இட்லிப்பூவின் பழைய பெயர் வெட்சி. பகைவர் ஊருக்குள் புகுந்து அவர்கள் அறியாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் வெட்சித் திணை. போகிற வீரர்கள் இந்தப் பூவைச் சூடிக்கொண்டு போவார்கள். மாட்டை மீட்கப் போகிறவர்கள் கரந்தைப் பூவைச் சூட வேண்டும். அதைத் தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்கிவிட்டார். தனித் திணையாகப் பிரித்துக் கொடுத்தது பிற்பாடு வந்த புறப்பொருள் வெண்பாமாலை. ஆக, முன்னோர் வெட்சியைச் சூடிக்கொண்டு மாட்டைத் திருடினார்கள். இவருக்கு மாடு வேண்டாம், வெட்சியே போதும்.

மதிலைக் காப்பது நொச்சித் திணை. ஒருநாள் நொச்சி சூடாமலேயே, காபி டம்ளரோடு வாசலில் போய் நின்றேன். அவர் பதறவில்லை. கை பறித்துக்கொண்டிருக்க, முகம் மட்டும் என் பக்கம் திரும்பியது. “குட்மார்னிங் சார்! செடி நல்லா வந்திருக்கே. முருகனுக்கு இது ரொம்ப விசேஷம்” என்றார். முருகனை இழுத்த பிறகு நான் என்ன பேச? உள்ளேயிருந்து அம்மா, “சாமிக்குத்தானே, எடுத்துக்கட்டும் விடு” என்றாள். கோட்டை உள்ளேயிருந்தே திறக்கப்பட்டது.

பெயின்டரைப் பிடித்துப் பலகை எழுதி மாட்டினேன். மறுநாள் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “பறிக்காதீர்னு வல்லின றகரம் வரணும் சார். ‘பரி’ன்னு போட்டா குதிரை” என்றார். பறித்தபடியேதான் சொன்னார்.

குறை சொல்லும் வழக்கமும் அவருக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் கேட்டைத் தட்டிக் கூப்பிட்டு, “பூவெல்லாம் பிசுபிசுங்குது, கவனிச்சீங்களா?” என்று கேட்டார். காம்பிடுக்கில் மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. அது படிந்த இலையில் கரும்பூசணம் வேறு. தண்ணீரில் வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். சரியாகிவிட்டது. நன்றியை யார் யாருக்குச் சொல்வது என்று இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

அப்புறம் அவர் அமெரிக்கா போனார். மகன் வீடு, ஆறு மாதம். எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய யார் காணாமல் போனாலும் இதுதான் காரணம். எனக்கு வந்த மகிழ்ச்சியை வெளியே சொல்ல முடியாது. ஒரு மாதம் சுவர்மேல் சிவப்பாகவே நின்றது. பிறகு கொத்துகள் காய்ந்தன. “பூத்த கிளையில கத்தி வைக்கக் கூடாது” என்பது அம்மா வைத்த சட்டம், ஆகவே யாரும் வெட்டவில்லை. செடி உயர்ந்தது. ரெண்டடி என்ற கணக்கைத் தாண்டி, கீழே வெறும் குச்சியும் தலையில் நாலு இலையுமாக, தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

காரணம் எளிது. இட்லிப்பூ கிளையின் நுனியில் பூக்கும். நுனி போனால்தான் அதற்குக் கீழே உள்ள கணுக்கள் விழித்துக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாகக் கிளை விடும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொத்து வரும். நுனி போகாவிட்டால் கிளை நீண்டுகொண்டே போகும். கொத்தோடு இரண்டு இலையையும் சேர்த்து ஒடிக்கிற ஒருவர் தினமும் வந்ததால்தான் அது மினி இட்லிப்பூவாக இருந்திருக்கிறது. சம்பளம் வாங்காத தோட்டக்காரர். சம்பளத்தைப் பூவாக எடுத்துக்கொண்டார் என்று சொன்னாலும் தவறில்லை.

ஆறு மாதம் முடிந்து ஒரு விடியற்காலை செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். செடியின் முன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். “என்ன சார் இது, பாத்துக்கவே இல்லையா?” என்று கேட்டார். குரலில் இருந்தது கோபம்தான், சந்தேகமே இல்லை. பையிலிருந்து ஒரு கத்தரியை எடுத்தார். சிவப்புப் பிடி, வளைந்த அலகு, பளபளவென்று இருந்தது. “கையால ஒடிச்சா காம்பு கிழியுது. பையன் வாங்கிக் கொடுத்தான்” என்றார்.

கிளை கிளையாக, கணுவுக்குச் சற்று மேலே, நேர்த்தியாக வெட்டிக்கொண்டே போனார். முக்கால்வாசி முடித்தபோது நிமிர்ந்து எங்கள் மொட்டை மாடியைப் பார்த்தார்.

“மேல வெள்ளையாத் தெரியுதே, நந்தியாவட்டையா?”

வெட்சிக்கு அடுத்தது வஞ்சி. அடுத்தவன் மண்ணுக்கே ஆசைப்பட்டுப் படையெடுப்பது. தொல்காப்பியர் வரிசையை மாற்றாமல்தான் எழுதியிருக்கிறார். நான் மாடிப்படிக் கதவைப் பூட்டப் போனேன். சாவி அம்மாவிடம் இருந்தது.